நல்ல தண்ணி, புழங்குற தண்ணி: முதுகுளத்தூர் வீடுகள்ல இருந்து நம்ம அபார்ட்மென்ட்டுக்கு

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

‘உன்னைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்’னு ஒரு மிரட்டல் கேள்விப்பட்டிருப்பீங்க. சினிமாவுல மேலதிகாரி சொல்வார், நிஜ ஆபீஸ்லயும் சொல்வாங்க. அந்தக் காடு எதுன்னு கேட்டா, பெரும்பாலும் கை நீட்டுறது ராமநாதபுரம் மாவட்டத்தைத்தான். அதுலயும் முதுகுளத்தூர், கமுதி, கடலாடி பக்கம்.

ஆனா அந்த ஊர்ல போர் போட்டா பல இடத்துல தண்ணி வரத்தான் செய்யும். அதை வாயில வைக்க முடியாது, சோப்பு போட்டா நுரைக்காது, பருப்பை வேக வெச்சா வேகாது. அதுதான் பிரச்சினை.

இதை ஏன் இன்னைக்குப் பேசுறேன்னா, சென்னை ஓ.எம்.ஆர்ல, கோயம்புத்தூர் புறநகர்ல, ஓசூர்ல, பெங்களூர்ல இருக்கிற பலருக்கும் இப்போ அதே பிரச்சினைதான். முடி கொட்டுது, குழாய் முனையில வெள்ளை படியுது, கெட்டில் உள்ள சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு, ஹீட்டர் ரெண்டு வருஷத்துல போயிடுது. உடனே அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல ‘சாஃப்ட்னர் போடலாமா?’ன்னு ஒரு மெசேஜ் வரும். அதுக்குக் கீழ ஐம்பது பதில். அந்த ஐம்பது பதிலையும் படிக்கிறதுக்கு முன்னாடி முதுகுளத்தூர் பக்கம் ஒரு எட்டு போயிட்டு வரலாம். ஏன்னா இந்தத் தண்ணியோட பல தலைமுறையா வாழ்ந்த வீடுகள் அங்க இருக்கு.

உப்பு வேற, கடினம் வேற

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கணும். நம்ம ஊர்ல எல்லாத்தையும் ‘உப்புத் தண்ணி’ன்னு ஒரே பேர்ல சொல்லிடுவோம். அதுக்குள்ள ரெண்டு தனித்தனி விஷயம் இருக்கு.

ஒண்ணு, உவர்ப்பு. நாக்குல கரிக்கிறது. இது பெரும்பாலும் சோடியம் குளோரைடு, அதாவது சமையல் உப்பு. ரெண்டாவது, கடினத்தன்மை. இது கால்சியமும் மெக்னீசியமும் கரைஞ்சிருக்கிறதால வர்றது. ஸ்கூல்ல ‘கடின நீர்’னு படிச்சோமே, அதேதான். சுவையை வெச்சு மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. கரிப்பே இல்லாத தண்ணிகூட ரொம்பக் கடினமா இருக்கலாம்.

முதுகுளத்தூர் பக்கம் பல போர் தண்ணியில இந்த ரெண்டும் சேர்ந்தே இருக்கும். நகரத்து அபார்ட்மென்ட்ல சில சமயம் கடினம் மட்டும் அதிகமா இருக்கும். இதைப் பிரிச்சுப் பார்க்கலைன்னா காசை எதுல போடுறதுன்னே தெரியாது. சாஃப்ட்னர் கடினத்தைத்தான் குறைக்கும், உவர்ப்பைக் குறைக்காது. இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

தண்ணி எப்படிக் கடினமாகுது?

மழைத்தண்ணி கிட்டத்தட்ட சுத்தமான மென்னீர். அது விழும்போது காத்துல இருந்தும், மண்ணுக்குள்ள இறங்கும்போது அங்க இருந்தும் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கும். அதனால லேசா அமிலமாகும். அந்த லேசான அமிலம் மண்ணுல இருக்கிற சுண்ணாம்பைக் கரைச்சு எடுத்துட்டுப் போகும். கரிசல் மண்ணுல வெள்ளை வெள்ளையா சுக்காங்கல் கிடக்கும், பார்த்திருக்கீங்களா? அது சுண்ணாம்புதான்.

இதோட கடலோரப் படிவு மண்ணையும், தண்ணியை லேசுல கீழ விடாத களிமண்ணையும், நல்ல வெயிலையும் சேர்த்துக்கோங்க. ராமநாதபுரம் மாவட்டத்தோட சராசரி ஆண்டு மழை சுமார் 827 மில்லிமீட்டர். அதுலயும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி வர்ற வடகிழக்குப் பருவமழை. மிச்ச மாசமெல்லாம் தண்ணி ஆவியாகிட்டே இருக்கும், உப்பு மட்டும் தங்கிடும். முதுகுளத்தூர் கடற்கரையிலேயே இருக்கிற ஊர் இல்ல. தெற்கே கடலாடி, சாயல்குடி தாண்டித்தான் கடல். ஆனாலும் நிலத்தடி நீர்ல கடலோரத்துக் குணம் தெரியும்.

அளவு என்னன்னு பார்ப்போம். இந்தியக் குடிநீர்த் தரம், ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் ஏற்கத்தக்கதுன்னு சொல்லுது. வேற தண்ணியே கிடைக்கலைன்னா 600 வரைக்கும் அனுமதி. மொத்தமா கரைஞ்சிருக்கிற உப்புகளுக்கு, நாம டி.டி.எஸ்.னு சொல்றோமே அதுக்கு, 500 ஏற்கத்தக்கது, 2,000 கடைசி வரம்பு.

ஒரு வாளிக்கு எவ்வளவு சோப்பு?

‘நுரைக்கல’ன்னு சாதாரணமா சொல்லிட்டுப் போயிடுறோம். அதுக்குப் பின்னாடி இருக்கிற கணக்கைப் போட்டுப் பார்த்தா ஆச்சரியமா இருக்கும்.

20 லிட்டர் வாளி. கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம். அப்போ அந்த வாளியில சுண்ணாம்புக் கணக்குல 6 கிராம் இருக்கு. சாதாரண சோப்பு இந்தக் கால்சியத்தைப் பார்த்ததும் அதோட ஒட்டி, கரையாத பிசுக்கா மாறிடும். வாளி ஓரத்துல சாம்பல் நிறத்துல ஒட்டுமே, அதுதான். அந்த 6 கிராமையும் முழுசா தீர்க்க சோப்பு எவ்வளவு வேணும்? வேதியியல் கணக்குப்படி சுமார் 36 கிராம். ஒரு சின்ன சோப்புக்கட்டியில பாதி, அழுக்கைத் தொடுறதுக்கு முன்னாடியே, தண்ணிக்கே செலவாகுது.

அதே வேலையைச் சலவைச் சோடா செய்யும். வெறும் 6, 7 கிராம் போதும், ஒரு டீஸ்பூன் அளவு. அது கால்சியத்தைப் பிடிச்சு வெள்ளைப் பொடியா கீழ இறக்கிடும். அதனாலதான் சலவைத் தொழில்ல சோடா இல்லாம வேலை நடந்ததில்ல. வண்ணான் துறையில இருந்தவங்க வேதியியல் புத்தகம் படிக்காமலே இந்தக் கணக்கைக் கையில வெச்சிருந்தாங்க.

இன்னைக்கு வர்ற டிடர்ஜென்ட் பவுடர்ல இந்த வேலைக்குன்னே பொருள் சேர்த்துத்தான் வருது. அதனால துணிக்குப் பிரச்சினை கொஞ்சம் குறைவு. குளிக்கிற சோப்புக்குத்தான் அதிகம்.

பெயர் வெச்சுப் பிரிச்ச தண்ணி

இப்போ ஊருக்குள்ள போவோம். அந்தப் பக்கத்து வீடுகள்ல தண்ணிங்கிறது ஒரே பொருள் கிடையாது. குடிக்க, சமைக்க ‘நல்ல தண்ணி’. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ ‘புழங்குற தண்ணி’. ஆடு மாடுக்குக் கண்மாய். குடம் வேற, வைக்கிற இடம் வேற. நல்ல தண்ணிக் குடத்துல இருந்து எடுத்து யாராவது கை கழுவினா வீட்ல திட்டு விழும்.

நல்ல தண்ணி எங்க இருந்து வந்துச்சு? முக்கியமா ஊருணியில இருந்து. கண்மாய் பாசனத்துக்கு, ஊருணி குடிக்கிறதுக்கு. ஊருணியில தேங்குறது மழைத்தண்ணி. போர் தண்ணி மாதிரி மண்ணுக்குள்ள நீண்ட பயணம் போகாததால அதுல கடினம் குறைவு. பல ஊர்ல ஊருணிக்குள்ள குளிக்கக்கூடாது, துவைக்கக்கூடாது, மாட்டை இறக்கக்கூடாதுன்னு கட்டுப்பாடு இருந்துச்சு. களிமண் கலந்து கலங்கலா இருந்தா, தேத்தாங்கொட்டையைப் பானையோட உள்பக்கம் உரசிட்டு ஊத்துவாங்க. கலங்கல் அடியில தங்கிடும். இதை நல்லா கவனிக்கணும்: தேத்தாங்கொட்டையும் சரி, படிகாரமும் சரி, கலங்கலைத்தான் தெளிய வைக்கும். கரைஞ்சிருக்கிற கால்சியத்தையோ உப்பையோ எடுக்காது. போர் தண்ணியில படிகாரம் போட்டா மென்னீர் ஆகும்னு யூடியூப்ல யாராவது சொன்னா நம்பாதீங்க.

ஊருணி வத்தினா குண்டாறு மாதிரி ஆத்து மணல்ல ஊத்து தோண்டி, சிரட்டையால கொஞ்சம் கொஞ்சமா மொண்டு குடத்தை நிரப்புறது. இது பழங்கதை இல்ல. வறட்சிக் காலத்துல பெண்கள் நாலஞ்சு பிளாஸ்டிக் குடம் வெச்ச தள்ளுவண்டியோட வரிசையில நிக்கிற படத்தைப் பேப்பர்ல பார்த்திருப்பீங்க.

அரசாங்கம் சும்மா இருக்கலை. 1990களின் கடைசியில சாயல்குடி பக்கம் நரிப்பையூர்ல கடல் நீரைக் குடிநீராக்குற நிலையம் வந்துச்சு. பி.எச்.இ.எல். கட்டுனது. நாளைக்கு 38 லட்சம் லிட்டர் திறன். சென்னைக்கு மீஞ்சூர் நிலையம் வந்தது 2010ல, நெம்மேலி 2013ல. அதுக்கெல்லாம் முன்னாடியே இந்தக் கரையில அது வந்துடுச்சு. அப்புறம் 2010 வாக்குல காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம், சுமார் 616 கோடி ரூபாய். திருச்சி முத்தரசநல்லூர் பக்கம் காவிரியில எடுத்து, புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்குக் குழாயில கொண்டு வர்றாங்க. இன்னொரு பக்கம் மதுரையில இருக்கிற தானம் அறக்கட்டளை மாதிரி அமைப்புகள் ஊர்க்காரங்களோட சேர்ந்து கண்மாய், ஊருணிகளைத் தூர்வாரிச் சரி பண்ணியிருக்காங்க.

நூறு கிலோமீட்டருக்கு மேல குழாயில வர்ற தண்ணி எல்லா நாளும் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி வராது. அதனால காவிரி வந்த பிறகும் அந்தப் பிரிவினை போகலை. குழாயில வர்றது நல்ல தண்ணி, போர்ல வர்றது புழங்குற தண்ணி. அவ்வளவுதான் மாத்தம்.

நம்ம அபார்ட்மென்ட்ல என்ன பண்றோம்? காவிரியோ, மெட்ரோவோ, லாரியோ, போரோ, எல்லாத்தையும் ஒரே சம்ப்ல கலக்குறோம். அப்புறம் அந்த மொத்தத்தையும் மெஷின் வெச்சுச் சுத்தம் பண்ணப் பார்க்குறோம். கழிவறையில ஊத்துற தண்ணியும் அதுதான், சாம்பாருக்கு ஊத்துற தண்ணியும் அதுதான். செலவு ஏறுறதுக்கு முக்கியமான காரணம் இதுதான்.

முதல்ல அளந்து பாருங்க

வீட்லயே ஒரு சோதனை. ஒரே மாதிரி ரெண்டு பாட்டில். ஒண்ணுல ஆர்.ஓ. தண்ணி இல்லைன்னா மழைத்தண்ணி, இன்னொண்ணுல குழாய்த் தண்ணி. ரெண்டுலயும் ஒரே அளவு சாதாரண குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்க. ஷாம்பூ, பாத்திரம் கழுவுற லிக்விட் வேண்டாம், அது கடின நீர்லயும் நுரைக்கும். ஒண்ணு நல்லா நுரைச்சு, இன்னொண்ணு பால் மாதிரி கலங்கி மேல பிசுக்கு மிதந்தா, உங்க தண்ணி கடினம்.

எண் வேணும்னா கடினத்தன்மைக்கான சொட்டு மருந்து கிட் கிடைக்குது. தண்ணி ஒயின் சிவப்புல இருந்து நீலமா மாறுற வரைக்கும் சொட்டு எண்ணணும். இல்லைன்னா தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட ஆய்வகத்துல கட்டணம் கட்டிச் சோதிக்கலாம்.

பேனா மாதிரி இருக்கிற டி.டி.எஸ். மீட்டர் கடினத்தன்மையைக் காட்டாது. அது மொத்த உப்பைத்தான் மதிப்பிடும். சேல்ஸ்மேன் அதைத் தண்ணியில முக்கி 900னு காட்டி ‘பாருங்க சார், எவ்வளவு ஹார்டு’ன்னு சொன்னா, ‘இதுல கால்சியம் எவ்வளவுங்க?’ன்னு கேளுங்க.

சமையலறை

பருப்பு, கொண்டைக்கடலை வேகாததுக்குக் காரணம், கால்சியம் பருப்போட செல் சுவர்ல இருக்கிற பெக்டினைப் பிடிச்சு இறுக்கிடுது. அதனால ஊற வைக்கிற தண்ணியும் வேக வைக்கிற தண்ணியும் மட்டும் நல்ல தண்ணியா இருந்தா போதும். கழுவுறதுக்குப் புழங்குற தண்ணி போதும். புளியைப் பருப்பு வெந்த பிறகு ஊத்துங்க, புளிப்பும் வேகறதைத் தடுக்கும்.

கடினத்துல ரெண்டு வகை உண்டு. ஒரு வகை, கொதிக்க வெச்சா போயிடும். சுண்ணாம்பு வெள்ளையா கெட்டில்ல படிஞ்சிடும், மேல இருக்கிற தண்ணியில கடினம் குறைஞ்சிடும். இன்னொரு வகை, எவ்வளவு கொதிச்சாலும் போகாது. கெட்டில்ல வெள்ளை படியுதுன்னா உங்க வீட்ல முதல் வகை நிறைய இருக்குன்னு அர்த்தம். கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, தெளிஞ்சதை இறுத்துக் குடிச்சா ஓரளவு தேவலை.

அந்தப் படிவை எடுக்க, மளிகைக் கடையில எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட் வாங்குங்க. லிட்டருக்கு ஒண்ணு ரெண்டு ஸ்பூன் போட்டுச் சூடாக்கி, அரை மணி நேரம் விட்டுக் கழுவுங்க. கத்தியால சுரண்டாதீங்க.

குளியலறை

குழாய் முனையிலயும் ஷவர்லயும் அடைப்பு வந்தா, ஒரு பிளாஸ்டிக் கவர்ல வினிகர் ஊத்தி, ஷவர் தலையை அதுக்குள்ள முங்க விட்டு, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, கொஞ்ச நேரம் விட்டுக் கழுவுங்க. மார்பிள், மொசைக் தரையில வினிகரோ எலுமிச்சையோ படக்கூடாது. அந்தக் கல்லும் சுண்ணாம்புதான், அதையும் அரிச்சிடும்.

ஒரு எச்சரிக்கை. கறை போகணும்னு ஆசிட் ஊத்திட்டு, அதோட பிளீச்சிங் பவுடரையும் போடுறவங்க இருக்காங்க. அப்படிச் செஞ்சா குளோரின் வாயு வரும். மூடின பாத்ரூம்ல அது உயிருக்கே ஆபத்து. ரெண்டையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒண்ணா சேர்க்காதீங்க.

இப்போ முடி, தோல். கடின நீரும் சோப்பும் சேர்ந்து உண்டாகுற பிசுக்கு முடியில தங்கினா சொரசொரன்னு ஆகும், தோல் வறண்ட மாதிரி தெரியும். இது உண்மை. ஆனா ‘சாஃப்ட்னர் போட்டா எல்லாம் சரியாகிடும்’ங்கிறது வேற விஷயம். இங்கிலாந்துல எக்சிமா இருந்த 336 குழந்தைகளை வெச்சு ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2011ல முடிவு வெளியாச்சு. வீட்ல சாஃப்ட்னர் வெச்ச குழந்தைகளுக்கும் வைக்காத குழந்தைகளுக்கும் எக்சிமா அளவுல வித்தியாசம் தெரியலை. அதனால முடி கொட்டுதுன்னா தண்ணி மேல மட்டும் பழியைப் போட்டுட்டு இருக்காதீங்க. இரும்புச்சத்து, தைராய்டு மாதிரி வேற காரணங்களையும் டாக்டர்கிட்ட காட்டிப் பாருங்க.

செலவில்லாத வழி இருக்கு. குளிக்கிறதெல்லாம் போர் தண்ணியிலயே குளிங்க, தலையை அலசுற கடைசி ரெண்டு சொம்பு மட்டும் நல்ல தண்ணி. சீயக்காய், அரப்பு தேய்ச்சாலும் சரி. அது சோப்பு இல்ல, அதனால கால்சியத்தோட சேர்ந்து அந்தப் பிசுக்கு உண்டாகாது. உப்புத் தண்ணி ஊர்ல சீயக்காய்க்கு இருந்த மரியாதைக்கு இதுவும் ஒரு காரணம்.

குடிச்சா கிட்னியில கல் வருமான்னு எல்லாரும் கேட்பாங்க. தண்ணியோட கடினம்தான் கல்லுக்குக் காரணம்னு நிரூபணம் ஆகலை. உலக சுகாதார அமைப்பும் கடினத்தன்மைக்குன்னு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் வைக்கலை. சுவை பிடிக்காம தண்ணியையே குறைச்சுக் குடிக்கிறாங்களே, அதுதான் கல்லுக்கு நல்ல வழி. ஏற்கெனவே கல் வந்தவங்க, கிட்னி பாதிப்பு இருக்கிறவங்க டாக்டர் சொல்றதைக் கேளுங்க.

ஹீட்டர்

சூடு ஏற ஏற சுண்ணாம்பு வேகமா படியும். நாளைக்கு 100 லிட்டர் சூடாக்குறீங்க, லிட்டருக்கு 200 மில்லிகிராம் படியக்கூடிய சுண்ணாம்பு இருக்குன்னு வைங்க. வருஷத்துக்கு அது 7 கிலோவைத் தாண்டுது. எல்லாம் படியாது. பத்துல ஒரு பங்கு படிஞ்சாலும் முக்கால் கிலோ. அது காயில் மேல கம்பளி போர்த்துன மாதிரி உட்கார்ந்துடும். கரண்ட் அதிகம் இழுக்கும், கடைசியில காயில் போயிடும். அதனால தெர்மோஸ்டாட்டை 50, 55 டிகிரி வாக்குல வைங்க. கொதிக்கக் கொதிக்கச் சுட வெச்சுப் பச்சைத் தண்ணி கலக்குறதுல லாபம் இல்ல. வருஷம் ஒரு தடவை ஆளைக் கூப்பிட்டுத் தொட்டியைத் திறந்து சுத்தம் பண்ணச் சொல்லுங்க.

மெஷின் வாங்கலாமா?

சாஃப்ட்னர் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா முடிவு எடுக்கிறது சுலபம். உள்ள ரெசின்னு சின்னச் சின்ன மணிகள். அது தண்ணியில இருக்கிற கால்சியத்தைப் பிடிச்சுக்கிட்டு சோடியத்தைக் கொடுக்கும். மணிகள் நிறைஞ்சதும் உப்புக் கரைசலை ஊத்திக் கழுவுவாங்க, மறுபடி தயாராகிடும். ஆக, இது பண்டமாற்று. உப்பு எங்கயும் போகலை, ஆள் மாறியிருக்கு. கடினத்தன்மை 600 இருக்கிற தண்ணியை முழுசா மென்னீர் ஆக்கினா, லிட்டருக்கு சுமார் 275 மில்லிகிராம் சோடியம் கூடுதலா வரும். பி.பி. இருக்கிறவங்க குடிக்கிறதுக்கு அது சரிப்படாது, செடிக்கும் ஆகாது. அதனால குடிநீர்க் குழாயும் தோட்டக் குழாயும் சாஃப்ட்னருக்கு முன்னாடியே பிரிஞ்சு போகணும்.

அடுத்த கேள்வியைப் பல அசோசியேஷன்ல கேட்கிறதே இல்ல. அந்த உப்புக் கழிவு நீர் எங்க போகும்? மழைநீர் சேமிப்புக் குழிக்கோ கிணத்துப் பக்கமோ போச்சுன்னா, நம்ம போர் தண்ணியை நாமளே முதுகுளத்தூர் தண்ணியா மாத்துறோம்.

ஆர்.ஓ. வேற மாதிரி. அது உவர்ப்பு, கடினம் ரெண்டையும் எடுக்கும். டி.டி.எஸ். 1,500, 2,000 இருக்கிற இடத்துல குடிக்கிறதுக்கு அது தேவைதான். ஆனா வீட்டு மெஷின்ல ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு ரெண்டு, மூணு லிட்டர் வெளிய போகும். 1,500 உப்போட உள்ள போனது, 2,200 வாக்குல வெளிய வரும். அதைச் செடிக்கு ஊத்தாதீங்க. கழிவறைக்கு, தரை துடைக்க வெச்சுக்கோங்க. டி.டி.எஸ். 500க்குக் கீழ இருக்கிற தண்ணிக்கு ஆர்.ஓ. வேண்டாம்னு தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019 மே மாசம் சொல்லியிருக்கு. உங்க வீட்ல மெட்ரோ வாட்டரோ காவிரியோ வந்தா முதல்ல அளந்து பாருங்க, தேவையே இல்லாம இருக்கலாம்.

குழாய்ல காந்தம் மாட்டினா கடினம் போயிடும்னு விக்கிறாங்க. காந்தம் கால்சியத்தை எடுக்காது. சந்தேகம் இருந்தா மாட்டுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சொட்டு மருந்து கிட் வெச்சு எண்ணிப் பாருங்க.

மாடியில விழுற மென்னீர்

இத்தனைக்கும் நடுவுல வருஷத்துக்கு ஒரு தடவை மென்னீர் இலவசமா மேல இருந்து வருது. கணக்குப் போடுவோம். 1,000 சதுர அடி மாடி, 827 மில்லிமீட்டர் மழை. ஐந்துல ஒரு பங்கு வீணாப் போனாலும் சுமார் 60,000 லிட்டர் கையில நிக்கும். நாலு பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 40 லிட்டர்னு வெச்சா, வருஷத் தேவை 15,000 லிட்டர்கூட இல்ல. தண்ணியில்லாத காடுன்னு பேர் வாங்குன மாவட்டத்தோட மழைக்கணக்கு இது!

தமிழ்நாட்டுல 2003லயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிட்டாங்க. ஆனா பெரும்பாலும் நாம அதைக் குழியில விடுறதோட நிறுத்திட்டோம். நிலத்தடிக்குப் போறது நல்லதுதான். அதோட ஒரு தனித் தொட்டி வெச்சுப் பிடிச்சா, ஹீட்டருக்கும் தலை அலசவும் பருப்பு வேக வைக்கவும் அதைவிட நல்ல தண்ணி கிடையாது. முதல் மழையைக் கழுவி விட்டுடணும், தொட்டிக்குள்ள வெளிச்சமும் கொசுவும் போகக்கூடாது. குடிக்கிறதுன்னா வடிகட்டிக் கொதிக்க வைக்கணும்.

கடைசியா ஒண்ணு

முதுகுளத்தூர் மாதிரி ஊர்களோட தண்ணி அறிவைப் புகழ்ந்துட்டுப் போறது சுலபம். அந்த அறிவுக்கு விலை கொடுத்தது யாருன்னும் சொல்லணும். நல்ல தண்ணி, புழங்குற தண்ணின்னு பிரிச்சு வெச்சாங்க, சரி. ரெண்டையும் சுமந்தது அந்த வீட்டுப் பெண்கள். விடியக்காலையில ஊத்துக்குப் போனதும், வரிசையில நின்னதும், ஸ்கூலுக்கு லேட்டானதும் அவங்கதான். அதனால ‘அந்தக் காலம் மாதிரி இருக்கணும்’னு நான் சொல்லலை. அந்தச் சுமையைக் குழாய்தான் சுமக்கணும். குடத்துக்குப் பதிலா பைப்பைப் பிரிங்க.

உங்க அசோசியேஷன் மீட்டிங்ல சாஃப்ட்னர் கொட்டேஷன் வந்தா, மூணு கேள்வி கேளுங்க. ஒண்ணு, நம்ம தண்ணியோட கடினத்தன்மை எவ்வளவு, ஆய்வக ரிப்போர்ட் எங்க? ரெண்டு, குடிக்க, சமைக்க, ஹீட்டருக்கு மட்டும் தனி லைன் போட முடியுமா? மூணு, உப்புக் கழிவு எங்க போகும்? இந்த மூணுக்கும் பதில் கிடைச்ச பிறகு காசைக் கொடுங்க. புது வீடு கட்டுறவங்களுக்கு ரெண்டாவது லைன் போடுறது பெரிய செலவே இல்ல. சுவர் பூசின பிறகுதான் அது பெரிய செலவு.

உங்க வீட்ல சோப்புச் சோதனை பண்ணிப் பார்த்துட்டு, என்ன ஊர், என்ன தண்ணி, எப்படி நுரைச்சுச்சுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதுல சிலதைப் படிக்கலாம். அதுவரைக்கும், கெட்டிலை ஒரு தடவை திறந்து பாருங்க.